நாங்க என்னங்க செஞ்சோம்

வாயைப் பிளந்து பார்ப்பதற்கென்றே பிறந்தவள் பொற்கொடி. அன்னூரில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முதல் ஜெராக்ஸ் மெஷின் வந்தது. அச்சு அசலாக வெளியே வந்த தன் மார்க் ஷீட்டை வாங்கி, "அட சாமி, சூடா வேற இருக்குதுங்க!" என்று கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். கல்லூரியில் முதல் புரோகிராம் ஓடித் திரையில் தன் பெயர் வரிசையாக விழுந்தபோது அழுதே விட்டாளாம். இப்போது நாற்பத்து நான்கு வயது. சரவணம்பட்டியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் எட்டுப் பேரை வைத்து வேலை வாங்குகிற பொறுப்பு. காதோரம் நரைத்தும் அந்தக் குணம் மட்டும் போகவில்லை. லிப்டுக்குப் புதுக் கதவு போட்டால்கூட ஒரு நிமிஷம் நின்று ரசித்துவிட்டுத்தான் ஏறுவாள். எல்லாம் தெரிந்த முகத்தோடு திரிகிறவர்கள் மலிந்த தொழில் அது. சும்மா சொல்லக்கூடாது, அங்கே இப்படி ஒருத்தி இருந்தது கம்பெனிக்கே அழகு.

கம்பெனியின் தலைமை அலுவலகம் ஐரோப்பாவில், பனி கொட்டுகிற ஒரு நாட்டில் இருந்தது. அங்கே சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். யாருக்கு எந்த மையத்தில் எத்தனை மணிக்குப் படுக்கை, யார் வீட்டு வாசலுக்கு எப்போது வேன் என்பதையெல்லாம் முடிவு செய்கிற மென்பொருளைப் பொற்கொடியின் குழுதான் பார்த்துக்கொண்டது. பனியில் கம்பளி போர்த்தி நிற்கிற ஒரு தாத்தா முன்னால் சொன்ன நேரத்துக்கு வேன் வந்து நிற்கிறது என்றால், அதற்குக் காரணமானவர்கள் சரவணம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருஷமாகியும் பொற்கொடியால் அதை நம்ப முடியவில்லை. ஆச்சரியம்தானே.

அந்த மென்பொருளில் வேன்களைப் பிரித்துவிடுகிற பகுதியை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொற்கொடியே எழுதியிருந்தாள். எப்படியோ ஓடியது. ஏன் ஓடுகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. அதனால் அந்த இடத்துக்கு மேலே, கணினி கண்டுகொள்ளாத குறிப்பு வரியாக, ஒன்றை எழுதி வைத்தாள்: 'சாமி, இதை யாரும் தொடாம நீதான் காப்பாத்தோணும்.' பதினாறு வருஷமாக ஒருவரும் தொடவில்லை.

போன வருஷம் தை மாதம் கழிந்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பழைய மென்பொருள் முழுவதையும் செயற்கை நுண்ணறிவை வைத்துப் புதிதாக எழுத வேண்டும். ஆபீசில் பாதிப் பேர் வேலை போய்விடுமோ என்று பயந்தார்கள். பொற்கொடியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வேலையாகத் தன் பழைய பகுதியைத்தான் அதற்குக் கொடுத்தாள். அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'முதல் வரி ஒரு வேண்டுதல் என்று நினைக்கிறேன். அதை அப்படியே விட்டுவிடுகிறேன். அதற்குக் கீழே உள்ளது ஏன் வேலை செய்கிறது என்று சொல்கிறேன்.'

சொல்லவும் சொல்லிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, அவள் போட்ட முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டியது. எந்த இடத்தில் அவள் தெரியாமலே சரியாகச் செய்தாள், எந்த இடத்தில் தப்பு செய்தும் வேறொரு தப்பு அதைக் காப்பாற்றியது என்பதுவரை சொன்னது. பொற்கொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் சித்த இங்க வாங்க! நானே எழுதுனது எனக்கு இன்னைக்குத்தானுங்க புரியுது!"

எட்டுப் பேரும் வந்து சுற்றி நின்றார்கள். பயந்தவர்களும் கொஞ்ச நேரம் பயத்தை மறந்து பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அந்த ஏஐ மெஷின் எழுதியது, ஒன்பது பேரும் சரிபார்த்தார்கள். மாசக்கணக்கில் ஆகிற வேலையை அது ஒரு மத்தியானத்தில் முடித்துக் கையில் கொடுத்தது. கொடுத்ததைச் சரிபார்த்து முடிப்பதற்குத்தான் இவர்களுக்கு நாக்குத் தள்ளியது.

அந்தக் குழுவில் லின்சி என்று ஒருத்தி. புலியகுளத்துப் பெண், முப்பத்திரண்டு வயது, அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதில் ஏதாவது இருக்கும். மெஷின் போட்ட புதுத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் எழுந்து வந்து பொற்கொடியின் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இந்த ரெண்டு பேரும் ஒரே ஊட்டுக்காரங்க. புருஷன் பொஞ்சாதி. ரெண்டு பேருக்குமே டயாலிசிஸ். இவருக்குக் காலையில வடக்க, அந்தம்மாவுக்குச் சாயங்காலம் தெக்கே போட்டிருக்குதுங்க."

"ரூல்படி சரிதானே லின்சி? படுக்கை எங்க காலியோ அங்க."

"ரூல்படி சரிதாங்க. ஆனா இவரு வீல் சேர்ல போறவரு. இத்தன வருஷமா ஒரே வேன்ல போய் ஒரே வேன்ல வந்திருக்காங்க. சேரைத் தள்ளிட்டுப் போறது அந்தம்மாதானுங்களே? அவங்க இல்லாம இவரு எப்படிங்க போவாரு?"

மென்பொருளில் எங்கேயும் அப்படியொரு விஷயம் எழுதப்படவில்லை. பழைய திட்டம் தற்செயலாக அவர்களைச் சேர்த்தே வைத்திருந்தது, அவ்வளவுதான். மெஷினிடம் சொன்னார்கள். அது தப்பை ஒப்புக்கொண்டு சரிசெய்ததோடு நிற்காமல், நாடு முழுக்க இப்படி ஒருவரையொருவர் அண்டி நிற்கிற ஜோடிகளை எல்லாம் தேடி எடுத்து வந்து வைத்தது. அக்கா தங்கச்சி, தாய் மகன், பக்கத்து வீட்டு நண்பர்கள் என்று நாற்பதுக்கு மேல் இருந்தது. "அட கெரகமே!" என்று பொற்கொடி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது மெச்சுகிற சொல்தான். யாரை மெச்சினாள் என்று யாரும் கேட்கவில்லை. மெஷினைத்தான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஊரே ஏஐ ஏஐ என்று பேசிக்கொண்டிருந்தது. பெருந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், கோழிப்பண்ணை வைத்திருக்கிற சித்தப்பா பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ஏஐ கம்பெனிப் பங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் சாப்ட்வேர் மாப்பிள்ளைக்கு மவுசு குறைந்து, 'ஏஐல இருக்கற பையன்' என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஈரோட்டில் ஒரு மஞ்சள்தூள் பாக்கெட்டில்கூட ஏஐ முறையில் சலித்தது என்று போட்டிருந்தார்கள். சல்லடையில் அது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆனி மாதத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து நந்திதா வந்தாள். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் பேசிப் பழகிய தமிழ், நல்ல தமிழ். கெட்டிக்காரி, கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவள். கடல் தாண்டி வருகிற விருந்தாளிக்குக் கேன்டீன் சாப்பாடா என்று பொற்கொடி வீட்டிலிருந்து, இடியாப்பம் போலப் பிழிகிற சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொண்டுபோனாள்.

"வாவ், என்ன சாஃப்ட்! இது ரொம்பக் கஷ்டமான வேலையா இருக்குமே?"

"அட, இதுல என்னங்க இருக்குது. சும்மா பிழிஞ்சு கொண்டாந்தேனுங்க. ஒண்ணுமே செய்யலீங்க."

"ஓ, அவ்வளவு ஈஸியா?" என்று நந்திதா சந்தோஷமாகச் சாப்பிட்டாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டில் விடிவதற்கு முன்னால் எழுந்து, பாதி நாள் அடுப்படியில் வெந்து, பதினோரு வகை சமைத்துப் போட்டவர்கள், ஒறம்பரையாக வந்த விருந்தாளி வாய் நிறையப் பாராட்டினால் "ஒண்ணுமே செய்யலீங்க" என்றுதான் சொல்வார்கள். சாப்பிட்டவர் அதோடு விடக்கூடாது. "அதெப்படிங்க, இந்த ருசி சும்மா வருமா?" என்று மறுக்க வேண்டும். இவர்கள் மறுபடி இல்லை என்பார்கள். அவர் மறுபடி மறுப்பார். மூன்றாம் தடவை இவர்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். பாராட்டு அப்போதுதான் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். இது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். ஒருவர் தன் பங்கைச் செய்யாமல் விட்டால், சமைத்தவள் ஒன்றுமே செய்யாதவள் ஆகிவிடுவாள்.

சாப்பாடு முடிந்து மீட்டிங். ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"புது சிஸ்டம் அற்புதமா இருக்கு. இதுல மெஷின் எவ்வளவு செஞ்சது, நீங்க எவ்வளவு செஞ்சீங்க? மனசு விட்டுச் சொல்லுங்க" என்றாள் நந்திதா.

பொற்கொடி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நாங்க என்னங்க செஞ்சோம்? எல்லாம் அதே செஞ்சுபோடுச்சுங்க. நாங்க சும்மா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்தோமுங்க."

"ஆமாங்க, அதேதாங்க" என்றார் ஒருவர். "எங்களுக்கு வேலையே இல்லீங்க" என்று சிரித்தான் அஃபான், குழுவிலேயே இளையவன். லின்சியும் தலையாட்டினாள். நம் வீட்டு ஆட்களைப் பற்றி நாமே வந்தவர்கள் முன்னால் பெருமை பேசுவது நாகரிகமா என்ன? எல்லாரும் நந்திதாவின் முகத்தைப் பார்த்தார்கள், அவள் மறுக்கப் போகிறாள் என்று.

அவள் மறுக்கவில்லை. "நேர்மையா சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றாள்.

மெஷினே தனியாக எல்லாம் எழுதி முடித்தது என்று தலைமை அலுவலகம் அறிவித்ததும் கம்பெனியின் பங்கு ஏறியது. அந்தச் செய்தியைப் பொற்கொடியே பெருமையாக எல்லாருக்கும் காட்டினாள். அடுத்த வாரம் மெயில் வந்தது. கோயம்புத்தூர்க் குழுவில் இனி இரண்டு பேர் போதும், பொற்கொடியும் அஃபானும். மற்ற ஏழு பேருக்கும் நன்றி.

ஒருவரும் சண்டை போடவில்லை. கடைசி நாளில் லின்சி தன் டீ கப்பைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க வருத்தப்படாதீங்க அக்கா. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க, நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம். நம்முளுக்கு அது தெரியும். அவங்களுக்குத் தெரியாதுங்களே."

பொற்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. மெஷின் அந்த ஏழு பேரையும் அனுப்பவில்லை. தன் வாயிலிருந்து வந்த ஒரு மரியாதைப் பேச்சுதான் அனுப்பியிருக்கிறது. நந்திதாவுக்குப் போன் போட்டாள். "அன்னைக்கு நான் சொன்னது வந்துங்க மேடம்..." என்று தொடங்கி, சுற்றிச் சுற்றி, கடைசியில் "அதாவது, அவங்களும் ஏதோ அவங்களால ஆனது..." என்று முடித்தாள். "புரியுது, உங்க டீம் மேல உங்களுக்குப் பாசம்" என்று நந்திதா ஆறுதல் சொல்லி வைத்துவிட்டாள்.

காலியான நாற்காலிகளுக்கு நடுவே வேலை நடந்தது. மெஷின் அப்போதும் பிரமாதமாகத்தான் செய்தது. அது சொல்கிற ஒவ்வொரு பதிலுக்கும் பொற்கொடி வழக்கம்போல வாயைப் பிளப்பாள், உடனே மூடிக்கொள்வாள். யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது?

தீபாவளி கழிந்ததும் காற்று மாறியது. ஏஐயில் கொட்டிய பணம் எப்போது திரும்பும் என்று அங்கங்கே கேட்க ஆரம்பித்தார்கள். ஏறியதெல்லாம் இறங்கியது. அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நின்றது அப்படிச் சரசரவென்று சரிந்ததும் ஒரு மலைப்புதான். பெருந்துறைச் சித்தப்பா பங்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக் கோழித் தீவனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மெஷினை வாடகைக்குக் கொடுக்கிற கம்பெனி வாடகையை ஏகத்துக்கு உயர்த்தியது. தலைமை அலுவலகம் மெஷினை அளந்துதான் பயன்படுத்த வேண்டும் என்றது. அளந்து பயன்படுத்தினால் மிச்சத்தைச் செய்வது யார்?

அதைக் கேட்கத்தான் நந்திதா மறுபடி வந்தாள். முகம் வாடியிருந்தது. அவள் வேலையும் ஆட்டம் கண்டிருந்தது போலும். பொற்கொடி இந்தத் தடவையும் சந்தகை கொண்டுபோயிருந்தாள். நந்திதா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அன்னைக்கு மாதிரியே இருக்கு. ஈஸியா செய்யறதுன்னு சொன்னீங்க இல்ல, எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்றாள்.

"இதுல என்னங்க..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. பொற்கொடி அதைப் பாதியில் நிறுத்தினாள். தப்பு செய்யப் போகிறவளைப் போலக் காது சூடேறியது.

"ஈஸி இல்லீங்க மேடம். நேத்தே அரிசி ஊறப்போட்டு, ஆட்டி, காலையில நேரத்துல எந்திரிச்சு வேகவெச்சு, சூடு ஆறறதுக்குள்ள சந்தகை மெஷின்ல போட்டுப் பிழியோணுமுங்க. ஆறிப்போனா இறங்காது. எனக்கு இன்னும் தோள்பட்டை நோகுதுங்க. இது நான் செஞ்சதுங்க."

நந்திதா கையில் எடுத்த சந்தகையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றாள்.

"அன்னைக்கு மீட்டிங்ல சொன்னதும் இப்படித்தானுங்க" என்றாள் பொற்கொடி. அதோடு நிறுத்தவில்லை. "எங்க ஊர்ல செஞ்சவங்க செய்யலைன்னுதான் சொல்லுவோம். கேக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க. நீங்க ஒத்துக்கிட்டீங்க. தப்பு உங்க மேல இல்லீங்க, நான்தான் ஆள் தெரியாம பேசிப்போட்டேன். மெஷின் பண்ணுனது நெசம். அத மாதிரி ஒண்ண நான் என் ஜென்மத்துல பாத்ததில்லீங்க. ஆனா அந்தப் புருஷன் பொஞ்சாதியப் பிரிச்சுப்போட்டதை லின்சிதான் கண்டுபிடிச்சா. அவ பாக்கலைன்னா ரெண்டு பேரும் ஆளுக்கொரு வேன்ல போயிருப்பாங்க. பனியில வேன் நின்னுபோனா என்ன பண்றதுன்னு ரோசனை பண்ணுனது அஃபானுங்க. ஒவ்வொருத்தரும் செஞ்சாங்க. நானும் செஞ்சேன்."

கடைசி இரண்டு சொல்லையும் சொல்லும்போது மட்டும் அவள் தரையைப் பார்த்தாள்.

நந்திதா கையிலிருந்த சந்தகையைத் தட்டில் வைத்தாள். பிறகு, "எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்வாங்க. ஒண்ணும் செய்யலைன்னு. நான் அவங்களையும் நம்பிட்டேன்" என்றாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. இருக்கிற நிலையில் மூன்று பேரைத்தான் திரும்ப எடுக்க முடிந்தது, அதுவும் ஆறு மாதத்துக்கு. ஒரு வாக்கியம் ஏழு பேரை அனுப்பியது. இன்னொன்று பாதியைக்கூட மீட்கவில்லை. விடுபட்ட நாலு பேருக்கும் பொற்கொடியே போன் செய்து, நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

திரும்ப எடுத்த மூவரில் லின்சிக்கு மட்டும் போன் செய்யவில்லை. நேராகப் புலியகுளத்துக்குப் போனாள். லின்சி கட்டிலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஒரு கம்பெனிக்காக, ஏஐ சொல்கிற பதில்களைப் படித்துப் பார்த்து எது நல்ல பதில் என்று குறிக்கிற வேலை. பதிலுக்கு இத்தனை என்று கூலி. வாசலில் பொற்கொடியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்கக்கா. ஒரு போன் பண்ணிருந்தா எதாச்சும் செஞ்சு வெச்சிருப்பனே."

பொற்கொடி வந்த விஷயத்தைச் சொன்னாள். வேலை திரும்பக் கிடைத்ததையும், நந்திதாவிடம் லின்சி கண்டுபிடித்ததைச் சொன்னதையும் சொன்னாள். லின்சி முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் என்னங்கக்கா பெருசா செஞ்சுபோட்டேன். ஏதோ கண்ணுல பட்டுது, சொன்னேன். மத்ததெல்லாம் மெஷின்தானுங்களே பண்ணுச்சு."

"அதெல்லாம் இல்ல கண்ணு."

"நெசமாத்தாங்கக்கா. வேற யாராச்சும் பாத்திருந்தாலும் சொல்லியிருப்பாங்க."

"நாங்க எட்டுப் பேரும் அதே திட்டத்தத்தான் பாத்தோம். எங்க கண்ணுல படலை."

"அட போங்கக்கா..."

"இல்ல லின்சி." பொற்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீ வந்து சொன்னப்ப எனக்கு மேலு சிலுத்துப்போச்சு. ஐயாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் ஒரு பொம்பள வீல் சேரைத் தள்ளறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது அம்மணி? மெஷினைப் பாத்துத்தான் வாயைப் பொளந்தேன்னு எல்லாரும் நெனச்சீங்க. மொதல்ல உன்னையப் பாத்துத்தான் பொளந்தேன். அதை வாயத் தொறந்து சொல்லோணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

லின்சி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. கட்டில் மேல் இருந்த லேப்டாப் அடுத்த பதிலைக் காட்டிக் காத்துக்கொண்டிருந்தது. அவள் அதை மெல்ல மூடி வைத்தாள்.

"ஆமாங்கக்கா" என்றாள். "அதை நான்தானுங்க பாத்தேன்."

அப்புறம் காபி போட எழுந்து போனாள்.